நடுப்புள்ளி

பிரேக்கை மிதித்தது புதிதாக வண்டி பழக வந்த பெண். என் மனைவி அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள், நான் பின்னால் இருந்தேன். என் வண்டி கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அன்று எனக்கு ஓசிப் பயணம். ஒரு சந்து முனையிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய தள்ளுவண்டியோடு எங்கள் இடப்பக்கமாக ரோட்டில் இறங்கினார். குபீரென்று பாயவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆற அமர வந்தார். பெண் மிதித்த மிதியில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது, எஞ்சின் அணைந்துவிட்டது. என் மனைவி அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, ரோடு காலியாத்தானே இருக்கு, எதுக்கு நிறுத்துன?" என்று கேட்டாள்.

தள்ளுவண்டி அவளுடைய ஜன்னலை உரசாத குறையாக நின்றுகொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகளின் நிழல் அவள் மடியில் விழுந்திருந்தது. அந்தப் பெண் தள்ளுவண்டியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். இது ஏதோ வில்லங்கமான கேள்வி என்று நினைத்துவிட்டாள், பாவம். "இல்ல டீச்சர், அந்த வண்டி..." என்று இழுத்தாள். அப்போதுதான் என் மனைவி கழுத்தைத் திருப்பினாள். பின்னால் இருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை, தோள் தூக்கிப்போட்டது மட்டும் தெரிந்தது. மறு நொடியே சிரித்தாள். "நீ பாத்தியான்னு பாத்தேன். நல்ல பிரேக்கு. ஸ்டார்ட் பண்ணு," என்றாள். பெண்ணுக்கு முகமெல்லாம் பல். நான் பின் ஜன்னல் வழியாக அந்தத் தள்ளுவண்டியையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஆண்களை நான் பார்த்துக்கொள்வேன், பெண்களை அவள். உண்மையைச் சொன்னால், என்னிடம் பழகிய ஆண்களே டெஸ்டுக்கு முந்தின வாரம் டீச்சரிடம் ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று கெஞ்சுவார்கள். அவளிடம் பழகியவர்கள் ஃபெயில் ஆனதில்லை என்று பேர். வண்டியை உடைத்தவர்கள் உண்டு, கேட்டை இடித்தவர்கள் உண்டு, அழுதுகொண்டே இறங்கி நடந்து போனவர்களும் உண்டு. எல்லாரையும் பாஸ் பண்ண வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளாக ஒரு கீறல் போட்டதில்லை. தன் பக்கத்து ஜன்னலை மறைத்து நின்ற ஒரு வண்டியை அவள் பார்க்கவில்லை என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிட்டதும் என் மனைவி வழக்கம்போல ஸ்டியரிங் பக்கம் மாறி உட்காரப் போனாள். நான் அதற்குள் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டேன். என்ன திடீர் அக்கறை என்று கேட்டாள். முதுகு பிடித்துக்கொண்டது, பின்னால் உட்கார முடியவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கிளட்சைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். தள்ளுவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்குக் கண்ணில் கிளாக்கோமா. சில வருஷங்களுக்கு முன்னால் படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிறது, வலிக்காது, சிவக்காது, ஓரத்துப் பார்வையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் விளக்கினார். அவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு பண்ணினேன், இவள் கண்ணுக்கு இனிமேல் நான் பொறுப்பு என்று. காலையும் இரவும் சொட்டு மருந்து. ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி விடவேண்டும், விட்டதும் மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். எல்லாம் நான்தான். கல்யாண வீடானாலும் மருந்துப் பையோடுதான் போவேன், பந்தி நடுவில் எழுப்பிக்கொண்டு போய் ஏதாவது ஒரு அறையில் படுக்கவைத்துச் சொட்டு விடுவேன். என் பேரையே மாற்றிவிட்டாள். "அலாரம் அடிச்சிருச்சு," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து வருவாள். அந்தப் பேரில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவ்வப்போது பார்வைப் பரிசோதனை ஒன்று உண்டு. இருட்டறையில் பெரிய வெள்ளைச் சட்டி மாதிரி ஒரு மெஷின் இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் நடுவில் இருக்கிற ஒரு புள்ளியை மட்டும் பார்க்கவேண்டும். சுற்றி எங்கேயாவது மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தகப்பன்மார்களை வேடிக்கையாகப் பேசியிருக்கிறேன், அங்கே போனால் நானும் அதே கோலத்தில்தான் இருப்பேன். அவள் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, போன தடவை மாதிரியே இருக்கிறது, அதே மருந்தைத் தொடரலாம் என்பார். கடைசித் தடவை இன்னும் விசேஷம். பார்வை குறையாமல் இருந்தாலே போதும் என்றுதான் நினைப்போம், உங்களுக்குக் கொஞ்சம் கூடியே இருக்கிறதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். நான் படியில் விசிலடித்துக்கொண்டு இறங்கினேன், இவள் கையில் கிள்ளினாள்.

அப்படியென்றால் தள்ளுவண்டி எங்கே போனது?

வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியைக் கட்டிலில் கொட்டி மடிக்க உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு சமையலறையிலிருந்து வந்தேன். செருப்பில்லாத கால், சத்தமில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சும்மா நின்றேன். அவள் என் சட்டையை உதறி மடித்தாள். கையைத் தூக்கினேன். அவள் தலையணை உறையை எடுத்தாள். கையை ஆட்டினேன். பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், நாக்கைத் துருத்திக் காட்டினேன். இந்த வயதில் அவள் முன்னால் அப்படிச் செய்தால் முதுகில் ஒன்று விழும். அவள் உறையை நான்காக மடித்து வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தி, "அந்தப் பொண்ணு கிளட்ச உதைக்கிறா, நாளைக்கு மேட்டுல நிறுத்திப் பழக்கணும். கேக்குதா உங்களுக்கு?" என்றாள்.

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். என் கை இன்னும் காற்றில்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் பதில் வரவில்லை என்று மறுபடி கூப்பிட்டாள், இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

"இங்கதான் நிக்கிறேன்," என்றேன்.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். மடித்த துணியெல்லாம் சரிந்து கீழே விழுந்தது. என்னைப் பார்த்தாள், தூக்கியிருந்த கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குனிந்து துணியைப் பொறுக்க ஆரம்பித்தாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எது என்றாள். இடப்பக்கம் தெரியாதது என்றேன். தெரியாமலெல்லாம் இல்லை, திரும்பினால் தெரிகிறது, ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன், அதுதான் டெஸ்டில் நன்றாக இருக்கிறதே, டாக்டரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா என்று படபடவென்று பேசினாள். நான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். டெஸ்ட் காகிதம் சரி, நான் ஆட்டிய கை தப்பு, துருத்திய நாக்கு தப்பு. ஆனால் காலையில் அந்தத் தோள் தூக்கிப்போட்டதை என்ன செய்வது?

"டெஸ்டுல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவளுக்கு அது ரகசியமே இல்லை போலிருக்கிறது. பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். எங்கள் தொழிலில் முதல் பாடம், ரோட்டை முறைக்காதே என்பது. புதிதாக வருகிறவர்கள் பானெட்டுக்கு நேரே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். அவள் அவர்கள் தலையில் தட்டி, கண்ணை ஒரே இடத்தில் நட்டுவைக்காதே, மேயவிடு என்பாள். தலை அசையக்கூடாது, கண் மட்டும் கண்ணாடிக்குப் போகவேண்டும், ஓரத்துக்குப் போகவேண்டும், திரும்பி வரவேண்டும். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அவள் கண்ணே அப்படி ஆகிவிட்டது. மெஷினுக்குள்ளும் அதையே செய்திருக்கிறாள். டெஸ்ட் எடுக்கிற பெண் ஆரம்பத்தில் பக்கத்தில் நின்று புள்ளியைப் பாருங்கள், புள்ளியைப் பாருங்கள் என்பாளாம். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆளுக்கு மருந்து விடப் போய்விடுவாளாம். அதற்கப்புறம் இவள் கண்ணை மேயவிட்டு வெளிச்சத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். எந்தப் பக்கம் எப்போது வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டதாம். போன தடவை ஒன்றைக்கூட விடவில்லை என்று சொல்லும்போது அவள் குரலில், என்னவென்று சொல்வது, ஒரு திருப்தி இருந்தது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

"அந்தப் பக்கம் அதுவா வரல. நான் போய்த் தேடுனா இருந்துச்சு," என்றாள். "இருந்துச்சுல்ல? அப்ப தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

"அது தேடுறதுக்கு வச்ச டெஸ்ட் இல்லடி."

"தெரியும்."

 தெரு வழியாக யாரோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது, நாங்கள் இருவருமே பழக்கதோஷத்தில் அதைக் கவனித்தோம். நான்தான் மறுபடி ஆரம்பித்தேன். தெரிந்துமா செய்தாய், உன் கண்ணைவிட அந்த மார்க் பெரிதா, இரண்டு வேளையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டேனே, முழுப் பூசணிக்காயை மறைத்துவிட்டாயே என்று கத்தினேன். ஆத்திரத்தில் இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, மடித்த என் சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தபடி சொன்னாள்.

"நான் வெளிய வரும்போது உங்க மூஞ்சிய நீங்க பாத்ததில்ல. அப்படி ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் உக்காந்திருந்தா, எப்படிங்க ஃபெயில் ஆகுறது?"

 மருந்து ஒரு வேளைகூடத் தப்பவில்லை. மூக்கோரம் அழுத்துவதை ஒரு நாள் மறக்கவில்லை. அவள் கண்ணுக்கு மேல் குனிந்து சொட்டு விடுகிற நேரமெல்லாம் அந்தக் கண் எனக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் துணிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு வகுப்பு இருந்தது. போகவேண்டாம் என்றேன். டெஸ்டுக்கு நாள் நெருங்கிவிட்டது, பாதியில் விட்டால் பயந்துவிடுவாள் என்றாள். தன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, கால் எப்போதும் அதன் மேல்தான் இருக்கும் என்றாள். கால் இருந்து என்ன செய்ய, அட்டைப்பெட்டிக்குப் பதிலாக ஒரு சின்னப் பிள்ளை வந்திருந்தால் அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். சத்தம் போடாமல்தான் கேட்டேன். அவள் போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் பேசினாள். எனக்கு உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் சார் சொல்லிக்கொடுப்பார், அவர் கொஞ்சம் சத்தம் போடுவார், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். இனிமேல் என்ற வார்த்தையை அவளாகத்தான் சொன்னாள், நான் சொல்லச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு கார் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

டாக்டரிடம் அவளே சொன்னாள். நான் ஆரம்பிக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். தள்ளுவண்டியிலிருந்து மெஷினுக்குள் கண்ணை மேயவிட்டதுவரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் நல்ல மனிதர், தமாஷாகப் பேசுகிறவர். அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இந்தப் பேப்பர நம்பித்தாம்மா இத்தனை நாளா அதே மருந்துல வச்சிருந்தேன்," என்றார். அழுத்தம் சரியாகத்தானே இருந்தது என்று அவள் கேட்டாள். சிலருக்கு அந்த அளவு போதாது, இன்னும் இறக்கவேண்டும், யாருக்குப் போதாது என்று காட்டுவதே அந்த டெஸ்ட்தான் என்றார். பழைய காகிதங்களைப் புரட்டினார். மூலையில் ஒரு சின்னக் குறியைத் தொட்டுக் காட்டினார். கண் அசைந்திருக்கிறது என்று மெஷின் சொல்லியிருக்கிறது. எல்லாருக்கும் கொஞ்சம் அசையும், முடிவு நன்றாக இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது என் தப்புதான் என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து விசிலடித்தவன் நான், யார் சட்டையை யார் பிடிப்பது?

விளக்கைப் போட்டு அவள் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். நரம்பு ரொம்பவே வெளுத்திருக்கிறது என்றார். இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன், அதை வைத்துத்தான் இத்தனை நாள் சமாளித்திருக்கிறார், ஆபரேஷன் சீக்கிரம் செய்யவேண்டும், போனதைத் திருப்ப இல்லை, நடுவில் இருப்பதாவது போகாமல் இருக்க. வலது கண் எப்படி இருக்கிறது, அதற்கும் செய்யவேண்டுமா என்பதற்கு ஒழுங்கான டெஸ்ட் ஒன்று வேண்டும், இன்றைக்கே எடுத்துவிடலாம், இந்தத் தடவை மட்டும் தயவுசெய்து தோற்றுப் போங்கள் என்றார். சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

இருட்டறை வாசலில் என் வழக்கமான நாற்காலி காலியாக இருந்தது. நான் பழக்கத்தில் அதில் உட்காரப் போனேன். "வெளிய உக்காராதீங்க, உள்ள வாங்க," என்றாள். டெஸ்ட் எடுக்கிற பெண்ணிடமும் அவளே அனுமதி கேட்டாள். வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண். என் மனைவி முகவாயை மெஷினில் வைத்துக்கொண்டாள். இடது கண்ணை மூடி ஒரு கட்டு. முதலில் வலது கண். இந்தக் கண்ணில்தான் எங்கள் மிச்ச வாழ்க்கை இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

மெஷினின் மறுபக்கம் ஒரு சின்னத் திரை இருக்கிறது. இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே இருந்ததால் எனக்கு அது தெரியாது. திரையின் மூலையில் அவள் கண் தெரிந்தது, உள்ளங்கை அளவுக்கு, கறுப்பு வெள்ளையில். இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். எந்தப் புள்ளியில் வெளிச்சம் வருகிறதோ அது ஒரு கணம் மினுங்குகிறது. அவள் பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழுகிறது. நடுவில் சில மினுங்கின, பொத்தான் சத்தம் கேட்டது, குறி விழுந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு மேலே ஒன்று மினுங்கியது. சத்தம் இல்லை. ஓரத்தில் ஒன்று. சத்தம் இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதே இடத்தில் மறுபடியும், இன்னும் பிரகாசமாக. அதோ, அதோ என்று என் தொண்டைவரை வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வட்டத்தின் ஒரு ஓரம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. டெஸ்ட் எடுக்கிற பெண் என் பக்கம் திரும்பவில்லை.

திரையில் அந்தக் கண் அசையாமல் நின்றது. நீர் கோத்துக்கொண்டது, இமை துடித்தது, ஆனால் கருவிழி நகரவில்லை. மூக்குப் பக்கத்து ஓரத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எப்படித் தெரிந்ததோ, பழக்கமோ என்னவோ, கருவிழி மெல்ல அந்தப் பக்கம் கிளம்பியது. பாதி தூரம் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு வந்த வழியே நடுவுக்குத் திரும்பிப் புள்ளியில் நின்றுகொண்டது. ஓரத்து வெளிச்சம் அணைந்தது. பொத்தானின் மேல் அவள் கட்டைவிரல் அழுத்தாமல் அப்படியே இருந்தது.